விமானி வேலைக்கு ‘92 விழுக்காடு வாய்ப்பு’ என்று சான்றிதழ் விற்பவர்கள்: நெல்லைப் பெற்றோர் கவனத்துக்கு

விமானி ஆக வழிகாட்டுவதாகப் பலகை வைத்திருக்கும் பாளையங்கோட்டை அலுவலகம் ஒன்று, பிளஸ் டூ முடித்த என் அண்ணன் மகனிடம் ‘தகுதி மதிப்பீடு’ என்று 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, விமான நிறுவனத்தில் வேலை கிடைக்க அவனுக்கு 92 விழுக்காடு வாய்ப்பு இருப்பதாகச் சான்றிதழ் கொடுத்தது. அந்தச் சான்றிதழைக் காட்டியே, வெளிநாட்டுப் பயிற்சிப் பள்ளியில் இடம் பிடித்து வைக்க வேண்டும் என்று இரண்டு லட்சமும் வாங்கிவிட்டார்கள்.

அந்தத் தாளில் ஆங்கிலப் பேச்சுக்கு 9 மதிப்பெண், உயரத்துக்கு 10, தன்னம்பிக்கைக்கு 10, குடும்பத்தின் ‘நிதி ஆயத்தத்துக்கு’ 10 என்று போட்டிருந்தது. (அண்ணன் பெயரில் சொந்த வீடு இருப்பதைத்தான் அப்படி எழுதியிருக்க வேண்டும்.) கண்ணைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வீட்டை வைத்துக் கடன் வாங்குவதற்கு முன்பாக, விமானிகளுக்கு உரிமம் வழங்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம், தொடக்கநிலைச் சோதனையான இரண்டாம் வகுப்பு மருத்துவச் சோதனைக்கு நாங்களே அவனை அழைத்துச் சென்றோம். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டைகளை அவர் ஒவ்வொன்றாகக் காட்டியபோது, முதல் அட்டையைப் படித்த பையன் அடுத்த சிலவற்றில் எண்ணே இல்லை என்றான். நிறப்பார்வையை மேற்கொண்டு சோதித்த பிறகே எதையும் சொல்ல முடியும் என்று மருத்துவர் எழுதிவிட்டார். அதற்கு மேல்நிலையான முதல் வகுப்பு மருத்துவத் தகுதி இல்லாமல் வணிக விமானி உரிமம் கிடையாது என்பதால், இதைத்தான் அந்த அலுவலகம் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

உரிமம் கைக்கு வர, டிஜிசிஏ தேர்வுகளில் தேறுவதோடு 200 மணி நேரம் பறந்திருக்கவும் வேண்டும். அதற்கு மேல் ஏ320, 737 போன்ற குறிப்பிட்ட விமானத்தை ஓட்டுவதற்கான ‘டைப் ரேட்டிங்’ பயிற்சிக்குத் தனியாகப் பல லட்சம் ஆகும் என்பதை அவர்கள் வாயே திறக்கவில்லை. 2023இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்த செய்தித் துணுக்குகளைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். அவை ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகத்தான் வந்து சேரும் என்பதையோ, 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸும் 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்டும் பறப்பதை நிறுத்தியபோது ஆயிரக்கணக்கான மணி நேர அனுபவமுள்ளவர்கள், 200 மணி நேரக்காரர்கள் நிற்கும் அதே வேலைச் சந்தைக்கு வந்தார்கள் என்பதையோ சொல்வதில்லை. பையன் உரிமத்தோடு வெளியே வரும் ஆண்டில் யார் ஆள் எடுப்பார்கள் என்று தெரியாதபோது, இன்றைக்கே எதை வைத்து 92 போட்டார்கள்?

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த ‘இது ஆலோசனை மட்டுமே’ என்ற வரியைக் காட்டினார்கள். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்துவிட்டு, திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் தொடுத்திருக்கிறோம். இதே போன்ற சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்கள், வழக்குத் தொடுக்க இரண்டு ஆண்டுகள்தான் காலவரம்பு என்பதால், ரசீதின் இரண்டு பக்கங்களையும் நகலெடுத்து வைத்துக்கொண்டு இப்போதே தொடங்குங்கள்.