அரைக் கிலோவின் அருமை: மைக்ரோ பிளேட் தொகுதி, ஒரு மதிப்பீடு

நாற்பதைக் கடந்த பின்னும் பல ஆண்டுகளாக எடைப் பயிற்சியை விடாமல் செய்துவருபவர்களால், தொடக்கக் காலத்தைப் போல வாரந்தோறும் எடையைக் கூட்டிக்கொண்டே போக முடியாது. அவர்களுக்கு ஓர் ஆண்டு இலக்கே சில கிலோதான். ஆனால் பெரும்பாலான ஜிம்களில் உள்ள மிகச் சிறிய தட்டு 1.25 கிலோ என்பதால், பாரின் இரு பக்கமும் மாட்டியதும் 2.5 கிலோ கூடிவிடுகிறது. 150 கிலோ டெட்லிஃப்டில் (தரையிலிருந்து பாரைத் தூக்குவது) இது இரண்டு சதவீதம்கூட இல்லை. 50 கிலோ ஓவர்ஹெட் பிரஸ்ஸிலோ (பாரைத் தோளிலிருந்து தலைக்கு மேல் தூக்குவது) முழுதாக ஐந்து சதவீதம். ஐந்து முறை தூக்கியவர் மூன்றாவது முறையிலேயே திணறுவதும், எப்படியாவது மேலேற்றிவிட முதுகை வளைப்பதும், தோள்பட்டை வலியை வரவழைத்துக்கொள்வதும் பெரும்பாலும் இந்தத் தாவலில்தான் நேர்கின்றன. தசை பழகும் வேகத்தில் தசைநாண் பழகுவதில்லை என்பதால், நடுவயதில் இதை அலட்சியப்படுத்தவே கூடாது.

நான் பயன்படுத்திவரும் மைக்ரோ பிளேட் (மிகச் சிறிய எடைத் தட்டு) தொகுதியில் 0.25, 0.5, 0.75, 1 கிலோ என நான்கு இணை எஃகுத் தட்டுகள் உள்ளன. ஏதேனும் ஓர் இணையை மட்டும் மாட்டினாலே முறையே 0.5, 1, 1.5, 2 கிலோ கூடுவதால், அந்த 2.5 கிலோ இடைவெளி ஐந்து சம படிகளாகப் பிரிந்துவிடுகிறது. இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை அரைக் கிலோ கூட்டினால் ஓர் ஆண்டில் 13 கிலோ ஆகும். அதில் பாதி கைகூடினாலும், அனுபவமுள்ளவருக்கு ஓவர்ஹெட் பிரஸ்ஸில் அது பெரிய வெற்றி. 40 வயதில் மாஸ்டர்ஸ் பிரிவைத் தொடங்கும் சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பிலும், சாதனையை முறியடிக்க அரைக் கிலோ கூடுதலாகத் தூக்கினாலே போதும்.

தட்டுகளை டிஜிட்டல் தராசில் நிறுத்துப் பார்த்தேன். வித்தியாசம் சில கிராம்களைத் தாண்டவில்லை. பிழை இருப்பது பெரிய தட்டுகளில்தான். மலிவான 20 கிலோ தட்டில் இரண்டு சதவீதம் பிசகினாலே 400 கிராம் ஆகிறது. நாம் கூட்டும் கால் கிலோத் தட்டு அதற்குள் காணாமல் போய்விடும். ஆகவே எப்போதும் பயன்படுத்தும் பெரிய தட்டுகளின் ஓரத்தில் பெயின்டால் ஒரு புள்ளி வைத்து, ஒவ்வொரு முறையும் அவற்றையே எடுப்பது அவசியம். இதைச் செய்யாதவருக்கு இந்தத் தொகுதியால் முழுப் பயன் கிடைக்காது.

குறைகளும் உண்டு. நடுத்துளை 50 மில்லிமீட்டர் ஸ்லீவுக்கு (பாரில் தட்டு மாட்டும் முனை) சற்றுத் தளர்வாக இருப்பதால், காலரை (தட்டு நழுவாமல் பிடிக்கும் கவ்வி) இறுக்காவிட்டால் மெல்லிய தட்டுகள் சாய்ந்து கடகடக்கின்றன. எடை எண்கள் பொறிக்கப்படாமல் அச்சிடப்பட்டிருக்கின்றன; கால் கிலோத் தட்டில் அவை மங்கத் தொடங்கிவிட்டன. டம்பெல்லுக்கு இவை பொருந்தா. அதற்குக் காந்த வகையைத்தான் வாங்க வேண்டும்.

டெட்லிஃப்டும் ஸ்குவாட்டும் மட்டுமே இலக்கு என்பவர்களுக்கு 1.25 கிலோ தட்டே போதுமானது. ஓவர்ஹெட் பிரஸ்ஸிலோ பெஞ்ச் பிரஸ்ஸிலோ மாதக்கணக்கில் ஒரே எடையில் நிற்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். எண்கள் பொறிக்கப்பட்ட தொகுதி கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.