திரை யார் பக்கம் திரும்பியிருக்கிறது? டெல்டா கிராமங்களின் இ-சேவை மையங்கள்: ஒரு மதிப்பீடு

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் இ-சேவை மையம் பெரும்பாலும் மூன்று விதமாக இருக்கிறது. தாலுகா ஆபீஸில் அரசு கேபிள் டிவி நிறுவனத்தின் கவுண்டர், ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் ஒரு கம்ப்யூட்டர், கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடையோடு சேர்ந்த தனியார் மையம். சான்றிதழ் மனுவென்றால் மூன்றும் போய்ச் சேருவது ஒரே தளத்துக்குத்தான். சாதி, வருமானம், இருப்பிடச் சான்றுக்கு 60 ரூபாய், முதியோர் ஓய்வூதிய மனுவுக்கு 10 ரூபாய். சான்றிதழ் வேலைகளில் குறை சொல்ல அதிகம் இல்லை. மனு வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று நகர்வதை மனு எண்ணை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஆபீஸ் ஆபீஸாக அலைந்த காலத்தை நினைத்தால் இது பெரிய மாற்றம்.

குறை, உட்காரும் இடத்தில் இருக்கிறது. பெரும்பாலான மையங்களில் மானிட்டர் ஆபரேட்டரைப் பார்த்து இருக்கிறது. மனு கொடுக்க வந்தவருக்குத் தெரிவது அதன் முதுகு. தன் பெயரில், தன் நிலத்துக்கு, தன் பணத்தில் என்ன தட்டச்சாகிறது என்பது அவருக்குத் தெரியாது. எழுதப்படிக்கத் தெரிந்தவரும் தெரியாதவரும் அந்த நாற்காலியில் ஒன்றுதான்.

அன்றாட வாழ்க்கை பற்றிய ஒரு சிறு வாக்கியத்தைப் புரிந்து படிக்கவும் எழுதவும் முடிந்தால் எழுத்தறிவு பெற்றவர் என்று 1958-இல் யுனெஸ்கோ வரையறுத்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் 7 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை ஏறக்குறைய அதே அளவுகோலால்தான் எண்ணுகிறது. 1990-களில் அறிவொளி இயக்கம் ஊர் ஊராகப் போய்ப் பெண்களைக் கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு மாற்றியது. இன்று ரேஷன் கடையில் வாத்தியாரும் விரலைத்தான் வைக்கிறார். கையெழுத்து போட வருமா என்பது இனி ஆளைப் பிரித்துக் காட்டாது. தன் பெயரில் போன பதிவைச் சரிபார்க்க வருமா என்பது பிரித்துக் காட்டும். அதனால் இந்த மையங்களையும் அந்த ஒரு கேள்வியை வைத்தே எடை போட வேண்டும்: சரிபார்க்க விடுகிறார்களா?

சம்பா பயிர்க் காப்பீட்டில்தான் இது பணமாகத் தெரியும். டெல்டாவில் நிலத்தைப் பேசுவது மாவிலும் வேலியிலும்: 20 மா ஒரு வேலி, மூன்று மா ஏறத்தாழ ஒரு ஏக்கர். நில உரிமைப் பதிவான சிட்டாவில் இருப்பதோ ஹெக்டேரும் ஏரும் (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு). "0 - 40.50" என்றால் 0 ஹெக்டேர் 40.50 ஏர், கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். அரை வேலி நிலம் "1 - 34" என்ற அளவில் வரும். தவறு நடப்பது இந்தப் புள்ளிகளில்தான். "0 - 09.50" என்பது 0.095 ஹெக்டேர், 23 சென்ட் சொச்சம். அவசரத்தில் அதை 0.95 என்று தட்டினால் பத்து மடங்காகி, சிட்டாவோடு ஒத்துப்போகாமல் மனு திரும்பும். திரும்பினாலாவது தெரிந்துவிடும். ஹெக்டேர் எண்ணை ஏக்கர் என்று போட்டுவிட்டால் எங்கும் திரும்பாது. மூன்று ஏக்கர் நிலம் 1.21 ஏக்கராகப் பதிவாகும், வெள்ளம் வந்து பயிர் போனபின் இழப்பீடு ஐந்தில் இரண்டு பங்கே வரும்.

படிக்கத் தெரியாதவரும் இந்தத் தவறைப் பிடித்துவிடலாம். சம்பாவுக்கு விவசாயி கட்டும் பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், குறுவைக்கு 2. ஏக்கருக்கு 36,000 ரூபாய் காப்பீடு என்று வைத்துக்கொண்டால் ஏக்கருக்கு 540 ரூபாய், மூன்று ஏக்கருக்கு 1,620 ரூபாய். ஆபரேட்டர் பிரீமியம் என்று 650 சொச்சம் கேட்டால் அதைக் குறைவு என்று சந்தோஷப்படக் கூடாது. பரப்பு தப்பாக ஏறியிருக்கிறது. அந்த ஆண்டு ஏக்கருக்கு எவ்வளவு என்பதை மட்டும் வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டுக்கொண்டு போனால் போதும். மற்றது வாய்க்கணக்கு, நடவுக்கூலி போட்டுப் பழகியவர்களுக்கு அது புதிதில்லை.

அடுத்தது வருவாய் கிராமத்தின் பெயர். இழப்பீடு பெரும்பாலும் தனி வயலைப் பார்த்து வருவதில்லை. அந்தக் காப்பீட்டு எல்லைக்குள் நடக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையின் சராசரியை வைத்து வருகிறது. ஒரே பெயரில் இரண்டு கிராமம், அல்லது ஒரே கிராமம் "1", "2" என்று பிரிந்திருப்பது இங்கே சாதாரணம். பட்டியலில் பக்கத்து வரியை அழுத்திவிட்டால் பக்கத்து ஊர் விளைச்சல்தான் கணக்கு. ஆதீன நிலம், கோயில் நிலம் குத்தகைக்குச் செய்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சிட்டாவில் அவர்கள் பெயர் இருக்காது. சாகுபடி செய்பவர் பெயரோடு வி.ஏ.ஓ. தரும் அடங்கல்தான் அவர்களுக்கு ஆதாரம். அதில் சர்வே எண்ணும் உட்பிரிவும் (112/3 என்பதற்கும் 112/3ஏ என்பதற்கும் நடுவே ஒரு வரப்பு இருக்கிறது) ரசீதில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

செல்போன் எண்ணில் நடப்பதுதான் இந்த மையங்களின் மிக மோசமான பழக்கம். முதல் முறை வருபவருக்கு 'கேன்' எனப்படும் குடிமக்கள் கணக்கு எண் உருவாக்க வேண்டும். அதற்கு ஓடிபி வரும் செல் எண் தேவை. வந்தவரிடம் போன் இல்லை, அல்லது பட்டன் போனில் மெசேஜ் திறக்கத் தெரியவில்லை என்றால் சில ஆபரேட்டர்கள் தங்கள் எண்ணையே போட்டுவிடுகிறார்கள். உதவி என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். விளைவு: அந்தக் குடும்பத்துக்கு வர வேண்டிய ஓடிபியும் தகவலும் கடைக்காரர் போனுக்குப் போகின்றன. மனு நிராகரிக்கப்பட்டால்கூட வீட்டுக்குத் தெரியாது. வேறு மையத்துக்குப் போனால் கேன் விவரத்தைத் திருத்தாமல் வேலை நகராது. வீட்டில் யாராவது ஒருவர் எண்ணைக் கொடுங்கள், ரீசார்ஜ் விடாமல் வையுங்கள். 90 நாள் பயன்படாமல் கிடந்தால் எண்ணைத் துண்டித்து, பின்னர் வேறொருவருக்குக் கொடுத்துவிட இடமிருக்கிறது. அதன்பின் உங்கள் ஆதார் ஓடிபி அவர் கையில்.

வங்கிக் கிளையின் குறியீடான ஐஎஃப்எஸ்சி 11 எழுத்து. முதல் நான்கும் ஆங்கில எழுத்து, ஐந்தாவது எப்போதும் பூஜ்ஜியம். அதை 'ஓ' என்று தட்டுவது அடிக்கடி நடக்கும். வங்கிகள் இணைந்தபோது பல கிளைகளுக்கு எண்ணே மாறிவிட்டது. பழைய பாஸ்புக் முதல் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துப் போகாதீர்கள்.

நாற்று நட்டும் களை பறித்தும் ரேகை தேய்ந்த பெண்களுக்கு விரல் ஏறாதது தனி வேதனை. பி.எம். கிசான் உதவித்தொகைக்கான இ-கேஒய்சிக்கு (ஆள் சரிபார்ப்புக்கு) விரல் தவிர ஓடிபி, முகப்பதிவு என்று இரு வழிகள் இருக்கின்றன. "ரேகை விழலம்மா, அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிடும் மையம் தன் வேலையை முடிக்கவில்லை. விரலைத் துடைத்து, வேறு விரலை வைத்துப் பார்த்து, முகப்பதிவையும் முயன்றபின் சொல்ல வேண்டிய பதில் அது.

படித்த பிள்ளைகளைக் கூட்டிப்போனால் எல்லாம் சரியாகும் என்பதும் பாதிதான் உண்மை. சென்னையிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்கும் மகனுக்குத் திரை படிக்க வரும். எந்த சர்வே எண் எந்தத் திடல், எது பெரியப்பாவோடு கூட்டுப்பட்டா என்பது தெரியாது. அம்மாவுக்கு வரப்பு வரப்பாகத் தெரியும். "112/3" என்று எழுதியிருப்பதைப் படிக்க வராது. இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் ஒரு மனு பிழையில்லாமல் போகும். இனி வாயால் சொன்னால் போனே படிவத்தை நிரப்பித் தரும் காலம் வரும்; யூபிஐ பணம் வந்ததைப் பெட்டிக்கடை ஸ்பீக்கர் இப்போதே சத்தமாகச் சொல்கிறது. அப்போதும் சொன்னதும் எழுதியதும் ஒன்றுதானா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளாக நாம் இருக்க வேண்டும்.

மையத்தைத் தேர்ந்தெடுக்க எங்கள் பரிந்துரை இது. 'சமர்ப்பி' அழுத்துமுன் பெயர், கிராமம், சர்வே எண், பரப்பு, கணக்கு எண், செல் எண் ஆறையும் வாய்விட்டு வாசித்துக் காட்டும் ஆபரேட்டர் இருக்கும் இடம் முதல் தரம். பத்து ரூபாய் பஸ்ஸுக்குச் செலவழித்தாவது அங்கே போகலாம். கேட்டால் திரையைத் திருப்பிக் காட்டுபவர் அடுத்து. கேட்டும் காட்டாதவர், ரசீது தராமல் "மெசேஜ் வரும்" என்பவர், 60 ரூபாய் வேலைக்கு 200 கேட்பவர், இவர்களை விட்டுவிடுங்கள். முதல்வர் உதவி மையம் 1100-இல் புகார் சொல்லலாம். மாவட்ட நிர்வாகம் செய்ய வேண்டியது பெரிய செலவில்லை: மையத்துக்கு ஒரு இரண்டாவது மானிட்டர், மக்கள் பக்கம்.

சம்பா காப்பீட்டுக்குக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. கடைசி வாரம் சர்வர் திணறும், வி.ஏ.ஓ. ஆபீஸில் அடங்கலுக்கு வரிசை நிற்கும், எந்த ஆபரேட்டருக்கும் வாசித்துக் காட்ட நேரமிருக்காது. அக்டோபர் கடைசியிலேயே அடங்கலை வாங்கிப் பதிந்துவிட்டால், ரசீதில் பிழை இருந்தாலும் திருத்த நாள் மிச்சமிருக்கும்.