ஹாங்காங்கில் சுற்றிவர: படகா, மெட்ரோவா, டிராமா?

ஹாங்காங்குக்கு முதன்முறையாகச் செல்பவர்களில் பலர் வடகரையான கவுலூனில், குறிப்பாக சிம் ஷா சுய் பகுதியில் அறை எடுக்கிறார்கள்; ஆனால் அவர்கள் பார்க்க நினைக்கும் இடங்களில் பாதி, விக்டோரியா துறைமுகத்துக்கு அப்பால், ஹாங்காங் தீவில் இருக்கின்றன. ஆகவே நாளுக்கு இருமுறை நீரைக் கடக்க வேண்டியிருக்கும். எம்.டி.ஆர். எனப்படும் மெட்ரோ, ஸ்டார் ஃபெர்ரி படகு, சுரங்கச் சாலை வழியே செல்லும் பேருந்து ஆகிய மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது, வண்டி ஓடும் நிமிடங்களை மட்டும் எண்ணிப் பார்த்தால் விளங்காது. ஏறுமிடத்துக்கும் இறங்குமிடத்துக்கும் நடக்கும் நேரத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

மெட்ரோ துறைமுகத்துக்கு அடியில் 1980 முதல் ஓடுகிறது. சிம் ஷா சுய்யில் ஏறினால் அடுத்த நிலையமே மறுகரையில் உள்ள அட்மிரால்டி. அதற்கு அடுத்தது சென்ட்ரல். குளிரூட்டிய பெட்டி, சில நிமிடங்களுக்கு ஒரு வண்டி, மழை பெய்தாலும் நனையாத பயணம். படகு நீரைக் கடக்கப் பத்து நிமிடம்கூட எடுப்பதில்லை. ஆனால் கடலைத் தூர்த்து நிலமாக்கியதால் சென்ட்ரல் படகுத்துறை 2006-இல் மேலும் முன்னே தள்ளிப் போய்விட்டது. அங்கிருந்து அலுவலகக் கட்டடங்களும் கடைத்தெருக்களும் உள்ள பகுதியை அடைய நடைமேம்பாலங்கள் வழியே கணிசமான தூரம் நடக்க வேண்டும். அவசர வேலை இருப்பவருக்கு மெட்ரோதான் சரி என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் சுற்றிப் பார்க்க வந்தவருக்கு அவசரம் எதற்கு? மெட்ரோ கட்டணத்தில் ஏறத்தாழப் பாதிக்கு, அந்த நகரத்தையே முழுதாகக் கண்முன் விரித்துக் காட்டும் பயணம் ஸ்டார் ஃபெர்ரி படகைத் தவிர வேறு கிடையாது. பச்சையும் வெள்ளையும் பூசிய இரண்டடுக்குப் படகு. மேல்தளத்தின் மர இருக்கைகளில் நட்சத்திர வடிவில் துளைகள் இட்டிருப்பார்கள். இருக்கையின் சாய்மானத்தை முன்னும் பின்னும் தள்ளி மாற்றலாம் என்பதால், படகு எந்தத் திசையில் போனாலும் பயணி முன்னோக்கியே உட்காரலாம். கரை நெருங்கும்போது நீலச் சீருடை அணிந்த பணியாளர் நீண்ட கொக்கிக் கழியை நீட்டி, தடித்த வடத்தைப் பிடித்துக் கட்டுவதை அருகில் நின்று பாருங்கள். சிம் ஷா சுய்யிலிருந்து மாலை மங்கும் நேரத்தில் புறப்பட்டால், தீவின் கோபுரங்கள் ஒவ்வொன்றாக விளக்கேற்றியபடி நேர் எதிரே வளர்ந்துகொண்டே வரும்.

இந்தப் படகுச் சேவையை 1888-இல் தொடங்கியவர் தொராப்ஜி நவுரோஜி மித்தாய்வாலா என்ற பார்சி வணிகர். 1898-இல் அது ஸ்டார் ஃபெர்ரி எனப் பெயர் மாறியது. முதல் சாலைச் சுரங்கம் 1972-இல் திறக்கும்வரை நகர மக்கள் படகுகளையே நம்பியிருந்தார்கள். 1966-இல் முதல் வகுப்புக் கட்டணத்தை வெறும் 5 சென்ட் உயர்த்தும் திட்டத்தை எதிர்த்து ஓர் இளைஞர் உண்ணாவிரதம் இருந்ததும், அதைத் தொடர்ந்து கவுலூனில் கலவரம் மூண்டதும் வரலாறு. மக்கள் அந்தப் படகை எவ்வளவு தங்களுடையதாகக் கருதினார்கள் என்பது அதில் தெரிகிறது.

தீவுக்குள் வந்த பிறகு போட்டி மெட்ரோவுக்கும் டிராமுக்கும் இடையே. மேற்கே கென்னடி டவுன் முதல் கிழக்கே ஷாவ் கெய் வான் வரை, 1904-இல் தொடங்கிய டிராம் தெருவின் மேலும், மெட்ரோ அதன் அடியிலும் ஏறக்குறைய ஒரே போக்கில் செல்கின்றன. முழுத் தூரத்தையும் டிராமில் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெரும்பாலான வண்டிகளில் குளிரூட்டும் வசதி இல்லாததால் ஆகஸ்ட் நடுப்பகலில் அது தண்டனையாகிவிடும். ஆகவே நான்கைந்து நிலையத் தூரத்துக்கு டிராம், அதற்கு மேல் மெட்ரோ என்று வைத்துக்கொள்வதே என் வழக்கம். டிராமில் எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம், அதுவும் நான்கு ஹாங்காங் டாலருக்குள். பின்புறம் ஏறி, இறங்கும்போது முன்புறம் செலுத்த வேண்டும்.

ஆனால் டிராமில் கிடைக்கும் ஒன்றை மெட்ரோவால் தரவே முடியாது. வான் சாயில் தண்டவாளம் செல்லும் ஜான்ஸ்டன் சாலை ஒரு காலத்தில் கடலோரமாக இருந்தது. மேல்தள முன்னிருக்கையில் அமர்ந்து, இன்று கடல் எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்று இடப்புறமும் வலப்புறமும் பார்த்தால், நகரம் வளர்ந்த விதம் புரிந்துவிடும். நார்த் பாயின்ட் என்று பலகை போட்ட வண்டியில் ஏறினால், கடைசியில் அது சுன் யூங் தெருச் சந்தைக்குள்ளேயே நுழையும். காய்கறிக் கடைகளுக்கு நடுவே மணியடித்துக்கொண்டு ஊர்ந்து செல்ல, கூடையோடு நிற்பவர்கள் பதறாமல் ஓரடி விலகி வழிவிடுவார்கள்.

பேருந்து பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாலையில் சுரங்கச் சாலை நெரிசலில் சிக்கும் என்பதால் நீரைக் கடக்க அதைப் பரிந்துரைக்க மாட்டேன். தீவின் தெற்கே மெட்ரோ எட்டாத ஸ்டான்லி போன்ற இடங்களுக்குப் பேருந்துதான் வழி. விமான நிலையத்திலிருந்து வருவோர் மட்டும் கவனிக்க வேண்டும்: ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் ரயில் 24 நிமிடத்தில் தீவை அடைந்துவிடும், ஆனால் சிம் ஷா சுய்யில் தங்குபவருக்கு, நேதன் சாலை வழியே விடுதி வாசலுக்கு அருகிலேயே இறக்கிவிடும் ஏ21 பேருந்து, நேரம் கூடுதலானாலும், செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வண்டி மாறும் அலைச்சலும் மிச்சம். சிவப்பு டாக்சியில் மறுகரைக்குப் போனால், சுரங்கச் சுங்கத்தைத் திரும்பும் வழிக்கும் சேர்த்துக் கொடுக்க நேரும்.

வந்திறங்கியதும், பணம் ஏற்றிப் பயன்படுத்தும் ஆக்டோபஸ் அட்டை ஒன்றை வாங்கிவிட்டால், படகு, டிராம், பேருந்து, மெட்ரோ நான்கிலும் அதையே காட்டிக் கட்டணம் செலுத்தலாம். ஜூலை முதல் செப்டம்பர் வரை செல்வோர் வானிலை அறிவிப்பையும் தவறாமல் பார்க்க வேண்டும். நம் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதைப் போல அங்கும் எண்ணிட்ட எச்சரிக்கை உண்டு. எட்டாம் எண் அறிவிப்பு வந்துவிட்டால் படகுகள் நின்றுவிடும், அன்றைக்கு மறுகரையில் இருப்பவர் மெட்ரோவில்தான் அறைக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.