செம்பருத்தி டீ: வீட்டில் பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருந்தால் வாங்கும் முன் படியுங்கள்

அம்மா பல வருடமாக பிபி மாத்திரை சாப்பிடுகிறார். ஆன்லைனில் செம்பருத்தி டீ பொடி விளம்பரம் பார்த்து, மாத்திரையோடு சேர்த்துக் குடிக்கலாமா என்று விற்பவரிடம் முதலிலேயே கேட்டேன். "பூதானே, பக்க விளைவே கிடையாது. எத்தனை கப் வேண்டுமானாலும் குடிக்கலாம், போகப் போக மாத்திரையே தேவைப்படாது" என்றார். நம்பி வாங்கினேன்.

ஒன்பதாம் நாள் காலை படுக்கையிலிருந்து எழுந்த அம்மா, கதவு நிலையைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணை இருட்டுகிறது என்றார். பிபி பார்த்தால் 92/56. எனக்குக் கை நடுங்கிவிட்டது. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "புதிதாக என்ன சாப்பிடுகிறார்?" மாத்திரையும் அழுத்தத்தைக் குறைக்கும், இந்த டீயும் குறைக்கும், இரண்டும் சேர்ந்து இறக்கிவிட்டது என்றார். டீயை மட்டும் நிறுத்தினோம். இரண்டு நாளில் சரியானது.

விற்பவருக்கு எழுதினேன். "நச்சு வெளியேறுகிறது, நிறுத்தாமல் கொடுங்கள்" என்று பதில். மயங்கி விழ இருந்தவருக்குச் சொல்லும் பேச்சா இது? பணமும் திரும்பி வரவில்லை.

டீயில் குணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2010-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 65 பேர் கலந்துகொண்டார்கள். அதில் தினமும் 3 கப் வீதம் 6 வாரம் இந்த டீ குடித்தவர்களுக்கு மேல் அழுத்தம் சராசரியாக 7 புள்ளி குறைந்தது. ஆனால் அவர்கள் யாரும் பிபி மாத்திரை எடுக்காதவர்கள். விளம்பரத்தில் முன்பாதி மட்டும்தான் இருந்தது. அவர்கள் குடித்ததும் பாக்கெட் படத்தில் இருக்கும் செம்பருத்திப் பூ அல்ல. ரோசெல் என்னும் புளிச்சை வகைச் செடியில், பூவுக்கு அடியில் இருக்கும் சிவந்த புல்லி இதழைக் காயவைத்தது.

அப்புறம் பொடி மேலேயே சந்தேகம் வந்தது. ஆறிய டீயில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டேன். பூவின் நிறம் என்றால் சிவப்பு போய் நீலமோ பச்சையோ தட்ட வேண்டும். என் தம்ளரில் நுரை அடங்கிய பிறகும் அதே ரத்தச் சிவப்பு.

கர்ப்பிணிகள் இந்த டீயைத் தவிர்க்க வேண்டும். சர்க்கரை மாத்திரை, நீர் பிரிவதற்கான மாத்திரை, டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொட வேண்டாம். அந்தப் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன், இதில் ஒரு வரிகூட அதில் இல்லை.