லண்டன் மராத்தானில் தொண்டு நிறுவனத்தின் வழியாக ஓர் இடம்: ஓடியவரின் மதிப்புரை

லண்டன் மராத்தானின் குலுக்கலில் பெயர் விழாதவர்களுக்கு, தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு நிதி திரட்டித் தருவதாக உறுதியளித்து இடம் பெறும் வழி உண்டு. உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு (வாயின் மேற்கூரையில் உள்ள பிளவு) ஆகியவற்றோடு பிறந்த குழந்தைகளின் அறுவை சிகிச்சைக்கு உதவும் ஒரு நிறுவனத்தின் சார்பில், 2,000 பவுண்டு இலக்கை ஏற்று ஓடினேன்.

அவர்கள் அனுப்பிய 16 வாரப் பயிற்சி அட்டவணை, வேலைக்குச் செல்பவரின் நாளை அறிந்து வகுக்கப்பட்டிருந்தது. பனியனைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அதன் அக்குள் தையல், டவர் பாலத்தைத் தாண்டிய சிறிது நேரத்திலேயே தோலை உரித்துவிட்டது.

பெரிய குறை நிதி திரட்டும் வழிகாட்டுதலில்தான். பிரிட்டனில் வரி செலுத்துபவர் நன்கொடை அளித்தால், கிஃப்ட் எய்ட் திட்டத்தின்படி ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துத் தரும் என்பதைக் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தவர்கள், இங்கே வரி செலுத்தாத உறவினர் ஊரிலிருந்து அனுப்பும் பணத்துக்கும், விருந்துக்கு விற்கும் நுழைவுச்சீட்டுக்கும் அது பொருந்தாது என்பதை எங்கும் சொல்லவில்லை. நாற்பது பேருக்குத் தோசை சுட்டு முடித்த பிறகே எனக்கு அது தெரியவந்தது.

இருப்பினும் என் மதிப்பைப் பெற்றது, நான் கேட்ட ஒரு கேள்விக்கு அவர்கள் அளித்த விடை. என் அக்கா மகன் அண்ணப் பிளவோடு பிறந்தவன். குடித்த பால் மூக்கு வழியே வரும். அறுவைக்குப் பின்னும், காற்று மூக்கில் கசிந்ததால், ‘பாட்டி’ என்பது அவன் வாயில் ‘மாட்டி’ என்றே ஒலித்தது. பேச்சுப் பயிற்சிக்கு இரண்டு ஆண்டுகள் அலைந்தார்கள். உதட்டைப் பொதுவாக 3 முதல் 6 மாதத்துக்குள்ளும், அண்ணத்தை ஒன்றரை வயதுக்குள்ளும் சீர்செய்தாலும், பேச்சு, பல்வரிசை, ஈறில் எலும்பு வைப்பது எனச் சிகிச்சை பதின்பருவம் வரை நீளக்கூடும். விளம்பரத் தாளிலோ அறுவைக்கு முந்தைய முகமும் பிந்தைய முகமும் மட்டுமே இருந்தன. தொடர் சிகிச்சைக்குப் பணம் போகிறதா என்று எழுதிக் கேட்டேன். உள்ளூர் மருத்துவமனைகளுக்கே நிதி வழங்குவதையும், பேச்சுப் பயிற்சியாளர்களின் ஊதியமும் அதில் அடங்குவதையும் விளக்கி, நான்கே நாளில் கணக்கோடு பதில் வந்தது. இத்துறைத் தொண்டு நிறுவனங்களின் நடைமுறைகள் பலவிதம்: 1982இல் தோன்றிய ஆபரேஷன் ஸ்மைல், நாடு நாடாக மருத்துவக் குழுக்களை அனுப்பி வளர்ந்தது, 1999இல் தோன்றிய ஸ்மைல் ட்ரெயின், அந்தந்த ஊர் மருத்துவர்களுக்குப் பயிற்சியும் நிதியும் அளிப்பதையே முதன்மையாகக் கொண்டது. யாருக்காக ஓடுவதென்றாலும் கையெழுத்திடும் முன் இதைக் கேட்டுவிடுவது நல்லது.

அடுத்த ஆண்டுக்கும் இவர்களிடமே பதிந்திருக்கிறேன். பனியனை மட்டும் ஓர் அளவு பெரிதாகக் கேட்டிருக்கிறேன்.