ஃபோகஸை எங்கே வைப்பது? செயலி, லென்ஸ் கோடு, இரட்டிப்புத் தூரம்

பினாங்கு ஜார்ஜ்டவுன் குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயில் பக்கம் நின்று, கைக்கெட்டும் பூக்கடை மல்லிகைச் சரமும் பின்னால் ராஜகோபுரமும் ஒரே படத்தில் தெளிவாக விழ வேண்டுமானால் ஃபோகஸை எங்கே வைப்பது? சரத்தில் வைத்தால் கோபுரத்துச் சுதைச் சிற்பங்கள் குழைந்துபோகும். கோபுரத்தில் வைத்தால் மல்லிகை வெறும் வெள்ளைப் புகை. இடையில் ஓர் இடம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கப் புழக்கத்தில் உள்ள வழிகள் பல. தரத்தில் ஒன்றுக்கொன்று வெகு தூரம்.

இப்போது எல்லாரும் முதலில் எடுப்பது ஃபோட்டோபில்ஸ் போன்ற கைப்பேசிச் செயலியைத்தான். ஃபுல் ஃபிரேம் கேமரா (பழைய 35 எம்.எம். ஃபிலிம் அளவு சென்சார்), 24 எம்.எம். லென்ஸ், அபெர்ச்சர் எனும் லென்ஸ் துளை எஃப் 8 (எண் கூடக் கூடத் துளை சுருங்கும்) என்று கொடுத்தால் ஹைப்பர்ஃபோக்கல் தூரம் 2.4 மீட்டர் என்கிறது. அங்கே ஃபோகஸ் வைத்தால் அதில் பாதியான 1.2 மீட்டர் தொடங்கி அடிவானம் வரை தெளிவு. கணக்கும் எளிதுதான்: 24-ஐ 24-ஆல் பெருக்கி, 8 பெருக்கல் 0.03-ஆல் வகுத்தால் 2,400 மில்லிமீட்டர்.

சிக்கல் அந்த 0.03-இல் இருக்கிறது. ஒரு புள்ளி எத்தனை மில்லிமீட்டர் அகலத்துக்கு மங்கினாலும் கண் பொறுத்துக்கொள்ளும் என்பதன் அளவு அது. பத்து அங்குலப் பிரிண்டைக் கையில் பிடித்துப் பார்த்த காலத்து அளவு. இன்றைய 45 மெகாபிக்சல் சென்சாரில் அந்த வட்டம் ஏறத்தாழ ஏழு பிக்சல்களை மூடிவிடும். திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கிறவர் 0.015 போட வேண்டும். உடனே 2.4 என்பது 4.8 ஆகிறது, 1.2 மீட்டரில் தொங்கும் மல்லிகை கணக்குக்கு வெளியே போய்விடுகிறது. செயலி சொன்னது பொய்யில்லை. நாம் கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்கிறது.

இன்னொன்று: தெருவில் 2.4 மீட்டரை யார் அளக்கிறார்கள்? கண்ணளவில் 1.8-இல் வைத்துவிட்டால், தெளிவு 7.2 மீட்டரோடு முடிந்து கோபுரம் மெல்ல மங்கும். மாறாக 3.5-க்குத் தள்ளிப் போனால் கோபுரம் கெடாது. முன்பக்கம் மட்டும் 1.4 வரை பின்வாங்கும். இருபது சென்டிமீட்டர்தான் நட்டம். ஆகவே சந்தேகம் வந்தால் தூரத்துப் பக்கமே சாயுங்கள்.

இரட்டிப்புத் தூரம் என்ற வழிக்குப் பெயரே அதன் செய்முறை. தெளிவாக வேண்டிய மிகக் கிட்டத்துப் பொருள் எவ்வளவு தொலைவோ, அதைப்போல இரண்டு மடங்கில் ஃபோகஸ். மல்லிகை ஓரெட்டு முன்னால் இருந்தால், இரண்டெட்டில் இருக்கும் தூணைப் பிடித்தால் போதும். அப்போது மல்லிகையும் கோபுரமும் ஒரே அளவு மங்கும்; அபெர்ச்சரைச் சுருக்கச் சுருக்க இரண்டும் சேர்ந்தே தெளியும். 0.03 பற்றிய வழக்கே இல்லை. எவ்வளவு சுருக்குவது என்பதை மட்டும் இது சொல்லாது. திரையில் இரு முனைகளையும் பெரிதாக்கிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். எஃப் 16-க்குமேல் போனால் சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைவது (டிஃப்ராக்ஷன்) படம் முழுவதையும் சற்று மழுக்கிவிடும். நிற்கிற காட்சிக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

‘காட்சியின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கில் ஃபோகஸ் வை’ என்ற பழைய உபதேசத்தை விட்டுவிடலாம். முன்னே ஒரு பங்கு, பின்னே இரண்டு பங்கு தெளிவு என்பது ஹைப்பர்ஃபோக்கல் தூரத்தின் மூன்றில் ஒன்றில் மட்டுமே சரி. மேற்சொன்ன லென்ஸில் அது 80 சென்டிமீட்டர். தெளிவு 60 செ.மீ. முதல் 1.2 மீட்டர் வரை. கோபுரத்துக்கு அது எந்த மூலைக்கு?

தைப்பூசத்தில் கதை வேறு. ரதம் தண்ணீர்மலை முருகன் கோயில் நோக்கி நகரும் வழியில் சாலையோரம் தேங்காய் உடைப்பவர்கள் நமக்காகக் காத்திருப்பதில்லை. ஓங்கிய கை, சிதறும் ஓடு, நீர்த்துளி எல்லாம் கண்ணிமைக்கும் நேரம். அங்கே செயலியைத் திறப்பவர் அடுத்த தேங்காய்க்குக் காத்திருக்க வேண்டியதுதான். தூர எண்களும், எங்கிருந்து எங்கே வரை தெளிவு என்று காட்டும் கோடுகளும் செதுக்கிய பழைய 35 எம்.எம். மேனுவல் லென்ஸ் ஒன்று கையில் இருந்தால் எஃப் 8, மூன்று மீட்டர் என்று வளையத்தைத் திருப்பிவிட்டு மறந்துவிடலாம், 1.9 முதல் 7 மீட்டர்வரை யார் வந்தாலும் விழுவார்கள். புதிய ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் பலவற்றில் இந்தக் கோடுகளை எடுத்துவிட்டார்கள். சில கேமராக்கள், குறிப்பாக ஃபியூஜிஃபில்ம், அதைத் திரையில் பட்டையாகக் காட்டுகின்றன. பிக்சல் கணக்கா, ஃபிலிம் கணக்கா என்று தேர்ந்தெடுக்கவும் விடுகின்றன. பிக்சலைத் தேர்ந்தெடுத்தால் பட்டை சட்டென்று ஒடுங்கும். பயப்படத் தேவையில்லை, அதுதான் கறாரான அளவு.

பொழுது சாய்ந்ததும் கோடும் கைவிடும். அதே 35-ஐ எஃப் 2-க்குத் திறந்தால் மூன்று மீட்டரில் தெளிவு 90 சென்டிமீட்டர்தான். 85 எம்.எம்., எஃப் 1.8, இரண்டு மீட்டர் என்றால் சுமார் ஆறு சென்டிமீட்டர். அலகு குத்திய முகத்தில் வேல் நுனியில் வைத்தால் கண் போய்விடும். கண்ணைப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸிடம் விட்டுவிடுவதே மேல்.

கைப்பேசியில் எடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்தக் கவலை இல்லை. சிறிய சென்சாரால் அகலக் கேமராவின் தெளிவு ஏறக்குறைய பெரிய கேமராவின் எஃப் 8 அளவுக்கு வந்துவிடுகிறது. ஆனால் திரையில் மல்லிகையைத் தொடாதீர்கள். அதற்கு இரண்டு மடங்கு தள்ளி நிற்பதைத் தொடுங்கள்.