முதலில் யாரை எடுப்பது: மெக்ளூரா, மேயரா?

டர்பனில் துப்பறியும் நாவல் கேட்கும் நம் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இரண்டு தென்னாப்பிரிக்க எழுத்தாளர்களின் பெயர்கள்: ஜேம்ஸ் மெக்ளூர், டியான் மேயர்.

மெக்ளூர் 1939இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் வளர்ந்தவர். நேட்டால் மாகாணப் பத்திரிகைகளில் குற்றச் செய்தி எழுதிய அனுபவம்தான் அவருடைய முதலீடு. 1965இல் பிரிட்டனுக்குப் போய்விட்டார். 1971இல் வந்த முதல் நாவல் 'தி ஸ்டீம் பிக்' சிறந்த குற்ற நாவலுக்கு பிரிட்டனில் தரப்படும் தங்கக் குத்துவாள் விருதைத் தட்டிச் சென்றது. கதை நடக்கும் டிரெக்கர்ஸ்பர்க் கற்பனை ஊர்தான், ஆனால் பீட்டர்மாரிட்ஸ்பர்க்காரருக்கு உடனே பிடிபட்டுவிடும். வெள்ளைக்கார அதிகாரி கிராமரும் ஜூலு போலீஸ்காரர் சோண்டியும் சேர்ந்து துப்புத் துலக்குகிறார்கள். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட முடியாத நிறவெறி ஆட்சிக் காலம் அது. அந்த நாவலின் முடிச்சே, ஒவ்வொருவரையும் இன்ன இனம் என்று பதிந்த இனப் பதிவுச் சட்டத்தில் இருக்கிறது. அதற்குமேல் சொன்னால் உங்கள் சுவாரசியம் போய்விடும். நம் தாத்தா பாட்டிகளையும் 'இந்தியர்' என்று பதிந்து, வேறு பேட்டைக்குத் துரத்திய ஆட்சி அல்லவா! கசப்பான நகைச்சுவை, வசைச் சொற்கள் எல்லாம் அப்படியே வரும். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

மேயர் 1958இல் பார்ல் நகரில் பிறந்தவர், டச்சிலிருந்து பிறந்த ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் எழுதுபவர். இவருடைய கதாநாயகன் பென்னி கிரீசெல், குடியோடு மல்லுக்கட்டும் கேப் டவுன் போலீஸ்காரர். காலம் நிறவெறி ஆட்சிக்குப் பிறகு. அந்த வரிசையில் '13 அவர்ஸ்' நாவல் ஒரே மூச்சில் ஓடும்.

ரயிலில் படிக்க மேயர் போதும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் மெக்ளூரை எடுங்கள், அப்புறம் அவர்களிடம் அந்தக் காலத்தைக் கேளுங்கள்.